வண்டிக்குள் ஆள்

ரெட் அலர்ட் 2 என்ற கணினி விளையாட்டில் லிபியாவை எடுத்து ஆடுகிறவருக்கு மட்டும் ஒரு தனி வண்டி கிடைக்கும். டெமாலிஷன் டிரக் என்று பெயர். விலை 1500. முதுகில் அணுகுண்டைச் சுமந்த சாதாரண லாரி. அதில் துப்பாக்கியும் இல்லை, பீரங்கியும் இல்லை. எதிரியின் தளத்துக்குள் கொண்டுபோய் எதிலாவது மோதவிட்டால் சுற்றியிருப்பதெல்லாம் அழியும், லாரியும் அழியும். வழியிலேயே எதிரி சுட்டுவிட்டால் நின்ற இடத்தில் வெடித்துவிடும். அருகில் நம் ஆட்கள் இருந்தால் அவர்களும் போவார்கள். வெஸ்ட்வுட் நிறுவனம் இந்த ஆட்டத்தை 2000 அக்டோபரில் வெளியிட்டது. 1996-இல் வந்த முதல் ரெட் அலர்ட்டுக்கு மறு ஆண்டு வெளியான ஆஃப்டர்மாத் என்ற கூடுதல் தொகுப்பிலேயே இந்த லாரி உண்டு.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் காஞ்சிபுரத்தின் பிரௌசிங் சென்டர்களில் மின்னஞ்சல் பார்க்க வந்தவர்களைவிட இந்த ஆட்டத்தை ஆட வந்த பையன்கள் அதிகம். பிள்ளையார்பாளையத்துப் பையன்கள் பலர் பள்ளி முடிந்ததும் வீட்டுத் தறியில் கோர்வைக்குத் துணையாக உட்கார்ந்து, கரைக்கு நாடா தள்ளிக் கொடுத்துவிட்டு வருவார்கள். நான்கு கணினிகளை இணைத்து இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆடுவார்கள். "டேய், லாரி வருதுடா, அடிச்சிடு!" என்று ஒருவன் கத்துவான். அடுத்த நொடி திரை வெளுத்துப்போகும். ஜெயித்தவன் எழுந்து நின்று கை தட்டுவான். அந்தச் சத்தத்தில் வன்மம் எதுவும் கிடையாது. பிள்ளைகள் பிள்ளைகளாக ஆடினார்கள், அவ்வளவுதான். அவர்கள்மீது எனக்கு அன்றும் குறை இல்லை, இன்றும் இல்லை.

என்னைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. அந்த ஆட்டத்தில் டாங்கி ஒன்று உடைந்தால் சில வேளை உள்ளிருந்து ஒரு சிப்பாய் குதித்து இறங்குவான். கட்டடத்தை விற்றால்கூட ஆட்கள் வெளியே ஓடிவருவார்கள். லாரியிலிருந்து மட்டும் யாரும் இறங்குவதில்லை. ஆள் இல்லாமல் இல்லை. லாரியைச் சுட்டியால் தொட்டால் ஒரு குரல் பதில் சொல்லும், உற்சாகமான குரல், கட்டளைக்குக் காத்திருக்கும் குரல். ஆக ஓட்டுநர் உண்டு, அவனுக்கு வாய் உண்டு, இறங்கும் கதவுதான் இல்லை. இந்த ஆட்டங்களின் விதிகளெல்லாம் யாரும் திறந்து திருத்தக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பில் இருந்தன. ஒவ்வொரு வண்டிக்கும் விலை எவ்வளவு, வலு எவ்வளவு என்று வரிசையாக எழுதியிருக்கும். வண்டிக்குள் ஆள் உண்டா என்பதற்கும் அதில் ஒரு வரி உண்டு. பையன்கள் விலையைக் குறைத்தார்கள், வேகத்தைக் கூட்டினார்கள், வெடிப்பின் வலுவை இரட்டிப்பாக்கினார்கள். அந்த ஒரு வரியில் கை வைத்தவர்களை நான் பார்த்ததில்லை.

அவர்கள் ஆடிய இடத்துக்கு வடக்கே புள்ளலூர் இருக்கிறது. வயலும் ஏரியுமாகக் கிடக்கும் ஊர். முதலாம் மகேந்திரவர்மன் தன் எதிரிகளை வென்ற இடம் என்று காசாக்குடிச் செப்பேடு சொல்வது இந்த ஊரைத்தான். ஆங்கிலேயர் இதைப் பொள்ளிலூர் என்று எழுதினார்கள். 1780 செப்டம்பர் 10 அன்று காலை கிழக்கிந்தியக் கம்பெனி அதுவரை இந்தியாவில் கண்டிராத தோல்வியைக் கண்டது இங்கேதான். அன்று போரின் போக்கை முடித்துவைத்தவை வெடித்துச் சிதறிய வண்டிகள்.

நடந்தது இது. அந்த ஆண்டு ஜூலையில் மைசூரின் ஹைதர் அலி பெரும்படையுடன் மலைக் கணவாய்களைக் கடந்து இறங்கினார், ஆகஸ்டில் ஆற்காட்டை முற்றுகையிட்டார். பக்ஸார் போரில் வென்ற ஹெக்டர் மன்றோ சென்னையிலிருந்து படையோடு காஞ்சிக்கு வந்து உட்கார்ந்தார். குண்டூரிலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி இன்னொரு படையோடு வந்து அவரைச் சேரவேண்டும் என்பது ஏற்பாடு. இடையில் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம். பெய்லி அக்கரையில் நாள்கணக்கில் தேங்கி நின்றார். நீர் வடிந்து கடந்து வந்தவரைச் செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் ஹைதரின் மகன் திப்பு மறித்தார். மன்றோ தன் படையிலிருந்து ஆயிரம் பேரைக் கர்னல் ஃப்ளெட்சரின் தலைமையில் பெய்லிக்குத் துணையாக அனுப்பினார். தான் காஞ்சியை விட்டு நகரவில்லை. 9-ஆம் தேதி இரவு எல்லாருமாக ஏறக்குறைய 3,800 பேர் காஞ்சியை நோக்கி நடந்தார்கள். நடு இரவில் பெய்லி படையை நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று பிழைத்து வந்தவர்கள் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். விடிந்தபோது நான்கு பக்கமும் மைசூர்ப் படை.

பீரங்கிக் குண்டுகளுக்கும் மைசூரின் இரும்புக்குழல் ராக்கெட்டுகளுக்கும் நடுவே சதுரமாக வகுத்து நின்ற அந்தப் படையின் உள்ளே வெடிமருந்து வண்டிகள் நின்றன. தங்கள் வெடிமருந்தையெல்லாம் நடுவில் வைத்துச் சுற்றிலும் ஆட்களை நிறுத்துவது அன்றைய போர்முறை. அந்த வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. ராக்கெட் பட்டது என்பார்கள் சிலர், பீரங்கிக் குண்டு என்பார்கள் சிலர். வெடித்ததும் சதுரம் உடைந்தது, சுடுவதற்கு மருந்தும் இல்லாமல் போனது. ஃப்ளெட்சர் இறந்தார். பெய்லி சரணடைந்து சீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782-இல் இறந்தார். அதே சிறையில் கிடந்த டேவிட் பெயர்ட் என்ற இளம் கேப்டன்தான் 1799-இல் சீரங்கப்பட்டணத்துக் கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை ஏற்றான். சத்தம் கேட்கும் தொலைவில் இருந்த மன்றோ, தோல்வி உறுதியானதும் தன் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார்.

இந்தப் போரைப் பற்றி அப்போதிலிருந்து நிறைய எழுதியிருக்கிறார்கள். எந்த அதிகாரி எங்கே நின்றார், யாருக்கு எத்தனை காயம் என்பதெல்லாம் விரிவாக உண்டு. வெடித்த வண்டிகளைப் பற்றியும் எழுதுகிறார்கள். வண்டிகளை மாடுகள் இழுத்தன. மாடுகளை ஓட்ட ஆட்கள் இருந்தார்கள். இரவு முழுக்க நடந்த அந்தப் பயணத்தில் நுகத்தடியின் பக்கத்தில் நடந்தவர்கள் அவர்கள். சதுரத்தின் நடுவில், வெடிமருந்துக்கு எல்லாரையும்விட நெருக்கமாக நின்றவர்களும் அவர்களே. கம்பெனிக்காகவோ ஹைதருக்காகவோ அவர்கள் வரவில்லை, கூலிக்கு வந்தார்கள். போர் விவரங்கள் வண்டிகளை எண்ணும் இடத்தில் அவர்களை எண்ணுவதில்லை. புள்ளலூரில் இன்றைக்கும் இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. அவையும் மறு ஆண்டு, 1781-இல், அதே நிலத்தில் ஐயர் கூட்டின் படைக்கும் ஹைதருக்கும் நடந்த இரண்டாவது போரில் இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு எழுப்பியவை.

தோற்றவர்கள் இப்படி நினைவுகூர்ந்தார்கள் என்றால், வென்றவர் சுவரில் வரைந்து வைத்தார். சீரங்கப்பட்டணத்தில் திப்பு கட்டிய தரியா தௌலத் மாளிகையின் சுவரில் புள்ளலூர்ப் போர் நீளமாக விரிகிறது. யானைகளில் தலைவர்கள், அணி அணியாகக் குதிரைகள், பல்லக்கில் காயத்தோடு பெய்லி, எல்லாவற்றுக்கும் நடுவே வெடிக்கும் வண்டி. அந்தச் சித்திரத்தின் உயிர்நிலையே அந்த வெடிப்புதான். ஓவியன் அதைப் புரிந்துதான் வரைந்திருக்கிறான். அங்கேயும் தீயின் பக்கத்தில் மாட்டுக்காரன் இல்லை. இதே காட்சியைத் தாளில் தீட்டிய நீண்ட ஓவியம் ஒன்று 2022-இல் லண்டனில் 6,30,000 பவுண்டுக்கு ஏலம் போனது. விலை என்பது வண்டியின் பக்கத்தில் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது.

புள்ளலூருக்கு இருபது ஆண்டு கழித்து, 1800 டிசம்பர் 24 மாலை, பாரிஸில் செந்நிக்கேஸ் தெருவில் ஒரு வண்டி நின்றது. ஹைடன் இசையமைத்த ஓரட்டோரியோ என்ற பக்தி இசைப்படைப்பைக் கேட்கப் போய்க்கொண்டிருந்த நெப்போலியனைக் கொல்வதற்காக மன்னராட்சிக் கட்சியினர் வெடிமருந்துப் பீப்பாயை வைத்த வண்டி அது. ஒரு கிழட்டுக் குதிரை பூட்டியிருந்தது. வெடிக்கும்வரை குதிரை நகராமல் இருக்கவேண்டும். தெருவில் ரொட்டி விற்றுக்கொண்டிருந்தவளின் மகள் மரியான் பெசோல், பதினான்கு வயதுச் சிறுமி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கப் பன்னிரண்டு சூ கூலிக்கு ஒப்புக்கொண்டாள். சூ என்பது சில்லறைக் காசு. நெப்போலியனின் வண்டி ஒரு கணம் முந்திப் போய்விட்டது. சிறுமி அங்கேயே நின்றாள். வெடிகுண்டு வண்டிகளின் நவீன வரலாறு தொடங்கும் இடத்திலேயே ஒரு பெயர் இருக்கிறது. அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. 1500 என்று திரையில் தெரியும்போதெல்லாம் எனக்கு அந்தப் பன்னிரண்டு காசு நினைவுக்கு வந்துவிடும்.

ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டு கழித்து 1920 செப்டம்பர் 16 அன்று நியூயார்க்கின் வால் தெருவில் நண்பகல் வெடித்ததும் குதிரை வண்டிதான். முப்பத்தெட்டுப் பேர் இறந்தார்கள். பெரும்பாலும் குமாஸ்தாக்கள், எடுபிடிப் பையன்கள், தட்டச்சர்கள். அந்த வண்டியை ஓட்டிவந்தவன் இறங்கிப் போய்விட்டான். பிறகு வந்த காலத்தில், பெய்ரூட்டில் 1983-இல் நடந்ததைப் போல, ஓட்டுகிறவன் இறங்காமலே இருப்பது ஒரு முறையாயிற்று.

இங்கே நம் கதைக்கு வரவேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ் பேசும் மண்ணில் இந்த வண்டி ஓடியிருக்கிறது. 1987 மே மாதம் இலங்கை ராணுவம் வடமராட்சியில் பெரும் தாக்குதல் நடத்தி ஊர்களைப் பிடித்தது. நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தில் முகாம் போட்டது. அந்த ஆண்டு ஜூலை 5 அன்று வெடிமருந்து ஏற்றிய லாரி ஒன்று அந்த முகாமுக்குள் புகுந்தது. ஓட்டியவர் வல்லிபுரம் வசந்தன், இயக்கப் பெயர் மில்லர், வயது 21. விடுதலைப் புலிகள் அந்த நாளைக் கரும்புலிகள் நாளாக்கினார்கள், அதே வளாகத்தில் சிலை வைத்தார்கள். ஆக ஓட்டுநருக்குப் பெயர் கிடைத்தது.

பெயர் கிடைத்தால் போதுமா என்று என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். புள்ளலூரின் மாட்டுக்காரனுக்கு அநீதி என்னவென்றால் அவனை மறந்தார்கள். நெல்லியடியில் நடந்தது மறதியல்ல. இறப்பதற்கு முன்பே அந்த இளைஞனுக்காக ஒரு நினைவிடம் காத்திருந்தது. இருபத்தோரு வயதில் ஒருவனுக்குக் கிடைத்திருக்கவேண்டிய மற்ற எல்லாப் பெயர்களும், அப்பா, மாமா, வாத்தியார், பக்கத்து வீட்டு அண்ணன், அந்த ஒற்றைப் பெயருக்குள் முடிந்துபோயின. அவன் எந்த நிலைமையிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தான் என்பதை நான் மறுக்கவில்லை. ஷெல்லடிக்கும் ஊரில் பிறந்தவனின் முடிவைக் காஞ்சியில் நிம்மதியாக உட்கார்ந்து எடைபோட எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரு இயக்கம் தன் பிள்ளையை வண்டியின் ஒரு பாகமாக ஆக்கிக்கொள்ளும்போது, அதற்குப் பிறகு எத்தனை மாலை போட்டாலும் அந்தச் செயல் மாறுவதில்லை என்று நினைக்கிறேன். இதைத் தமிழில், தமிழர்களிடம் சொல்லியாகவேண்டும்.

வண்டிக்கு எதிரே இருந்தவர்கள் என்று இன்னொரு கூட்டம் உண்டு. 1996 ஜனவரி 31 காலை கொழும்புக் கோட்டைப் பகுதியில் மத்திய வங்கியின் வாசலுக்குள் வெடிமருந்து லாரி மோதியது. 91 பேர் இறந்தார்கள், 1,400 பேர் காயமடைந்தார்கள். சுற்றியிருந்த அலுவலகங்களின் கண்ணாடிகள் எல்லாம் உடைந்து உள்ளே பாய்ந்ததில் ஏறக்குறைய நூறு பேர் பார்வை இழந்தார்கள். மேசையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்கள், வரிசையில் நின்றவர்கள், தேநீர் கொண்டுவந்தவர்கள். அதற்கு மூன்று மாதம் முன்புதான் வலிகாமத்தின் லட்சக்கணக்கான தமிழர்கள் ராணுவத்துக்கு அஞ்சி ஒரே இரவில் மூட்டை முடிச்சோடு யாழ்ப்பாணத்தை விட்டு நடந்திருந்தார்கள். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மூடமுடியாது. அந்த இரவில் கைதடிப் பாலத்தில் மழையில் நடந்தவர்களின் துயரம் கோட்டையில் கண்ணிழந்தவர்களின் துயரத்துக்குக் காரணமும் ஆகாது, ஈடும் ஆகாது.

அதே 1996-இன் இறுதியில்தான் முதல் ரெட் அலர்ட் கடைகளுக்கு வந்தது. அமெரிக்காவின் லாஸ் வேகஸில் இருந்து அதைச் செய்தவர்களுக்குக் கொழும்பின் கண்ணாடிகள் தெரிந்திருக்கத் தேவையில்லை. அவர்கள் பெய்ரூட்டிலும் ஓக்லஹோமாவிலும் வெடித்த லாரிகளைச் செய்தியில் பார்த்தவர்கள். நாம் அப்படியல்ல. காஞ்சிக்கும் சென்னைக்கும் நடுவே ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 இரவு நடந்ததை இந்தப் பக்கத்தில் தெரியாத வீடு கிடையாது. அங்கே வண்டி இல்லை. ஒரு பெண்ணின் உடலே அந்த வேலைக்கு ஆகியிருந்தது. ராஜீவ் காந்தியோடு அருகில் நின்ற காவலர்களும் கட்சிக்காரர்களும் இறந்தார்கள். அதன் பிறகு தமிழ்நாட்டு முகாம்களில் இருந்த ஈழத்து அகதிகள் ஒவ்வொருவரும் சந்தேகத்தின் நிழலில் வாழ்ந்தார்கள். பத்து ஆண்டு கழித்துத் திரையில் லாரியை ஓட்டிய பையன்களின் அப்பாக்களிடம் இதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்த மௌனத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் லாரியைப் பற்றி அறிந்ததெல்லாம் ஆட்டத்திலிருந்து மட்டும் என்று ஆனது அதனால்தான்.

இதே வரிசை ஆட்டங்களில் 2003-இல் ஜெனரல்ஸ் வந்தது. அதில் வேறு வண்டிகளைப்போல உருமாறிப் போகும் வெடிகுண்டு லாரி உண்டு. உடம்பில் குண்டு கட்டிக்கொண்டு ஓடும் மனிதனும் உண்டு. ஜெர்மனியில் இளைஞர் பாதுகாப்புக்கான அரசு அமைப்பு அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. நிறுவனம் மாற்றிக் கொடுத்த பதிப்பில் மனிதர்களெல்லாம் இயந்திர மனிதர்களானார்கள்; குண்டு கட்டிய ஆளுக்குப் பதிலாகச் சக்கரம் வைத்த குண்டு ஒன்று உருண்டுபோனது. பிள்ளைகளைக் காக்கவேண்டும் என்ற அக்கறையில் செய்தது, அதை மதிக்கிறேன். ஆனாலும் திசை தவறிவிட்டது. குண்டைக் கொண்டுபோகிறவனைத் திரையிலிருந்து அழித்துவிட்டால், கொண்டுபோவது எளிதாகிவிடுகிறது. அங்கே ஒரு ஆள் இருக்கிறான் என்ற உறுத்தல்தான் அந்தக் காட்சியில் மிச்சமிருந்த ஒரே நல்ல விஷயம்.

அழிக்கப் போகும் வண்டியை எப்படிச் சொல்வது என்பதற்கு நம்மிடம் வேறு ஒரு மரபு இருக்கிறது. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் முப்புரம் எரித்தவனை ராஜசிம்மன் செதுக்கி வைத்திருக்கிறான். பூமியே தேர், சூரியனும் சந்திரனும் சக்கரம், நான்கு மறைகள் குதிரை, தேரோட்டி பிரமன் என்று கதை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடும். பிள்ளையாரை வணங்காமல் கிளம்பியதால் அச்சு முறிந்தது, முறிந்த இடம் அச்சிறுபாக்கம் என்று நம் பக்கத்து ஊரையே காட்டும். மூன்று ஊர்களும் எரிந்த பிறகும் கதை முடிவதில்லை. உள்ளே இருந்தவர்களில் மூன்று பேர் பிழைத்தார்கள், இருவர் வாயில்காப்போர் ஆனார்கள், ஒருவர் முழவு வாசிப்பவர் ஆனார் என்று எரிந்த ஊரிலிருந்தும் ஆட்களைக் கணக்கெடுத்து வெளியே அழைத்துவரும். கடவுள் நடத்திய போருக்கே இத்தனை பேரைச் சொல்லவேண்டியிருந்திருக்கிறது.

2025 பிப்ரவரியில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் முதல் ரெட் அலர்ட்டின் நிரலையும் ஜெனரல்ஸின் நிரலையும் பொதுவில் திறந்து கொடுத்துவிட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றலாம். அன்று பிரௌசிங் சென்டரில் ஆடியவர்களில் சிலர் இன்று சென்னையில் மென்பொருள் எழுதுகிறார்கள். அவர்களிடம் சொல்ல எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. புள்ளலூரை ஆட்டமாகச் செய்யுங்கள். கொசஸ்தலையில் வெள்ளம் வரட்டும், பெய்லி இரவில் நிற்கட்டும், ராக்கெட்டுகள் பறக்கட்டும். சதுரத்தின் நடுவில் வண்டிகளை நிறுத்துங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மாட்டுக்காரரை வையுங்கள், அவருக்கு ஓர் ஊர் கொடுங்கள். பேரம்பாக்கம், தாமல், உத்திரமேரூர், எதுவானாலும் சரி. அவருக்குக் கட்டளை கொடுத்தால் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். நுகத்தை அவிழ்த்து மாடுகளை ஓட்டிக்கொண்டு இருட்டில் வயல்வழியே போய்விடவும் ஒரு வழி இருக்கட்டும். அவர் போய்விட்டால் ஆடுகிறவர் அந்த வண்டியை இழக்கவேண்டும், ஒருவேளை போரையும் இழக்கவேண்டும். ஆட்டம் முடிந்ததும் வரும் பட்டியலில் இழந்த வண்டிகள் இத்தனை என்று எழுதும் இடத்தில், வீடு திரும்பிய வண்டிக்காரர்கள் இத்தனை பேர் என்று இன்னொரு வரி சேருங்கள். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் புள்ளிகள் அந்த வரிக்கே போகட்டும்.